இருநூற்றுப் பதினாலாம் கொக்கி

ஏழு பேர் உள்ளே போய் எட்டுப் பேர் வெளியே வந்த அன்றைக்கு நல்ல வெயில், யாரும் குடித்திருக்கவில்லை, எண்ணியதும் ஒருவரல்ல மூன்று பேர். ஆகவே பொன்மேட்டு ஆட்களுக்கு எண்ணத் தெரியாது என்று வெளியூர்க்காரர்கள் பின்னால் சொன்னதை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுரங்கத்து ஆட்களுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் எத்தனை பேர் கீழே போனார்கள், எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்பது தெரியும். போன ஏழு பேரும் எங்கள் லைன் வீட்டுக்காரர்கள், தங்கப் பாறையை வெடிவைத்து உடைப்பதே பிழைப்பாக உள்ளவர்கள், மெட்ராஸிலிருந்து வந்திருந்த டைரக்டர் கஜபதியின் படத்தில் பாதாள ராட்சதர்களாக நடிக்க மேனேஜரிடம் பத்து நாள் லீவு வாங்கியவர்கள். டயர் டியூபை வெட்டிக் கோணிப்பையின் மேல் ஒட்டி, எருமைக் கொம்பைச் சீவி நகம் வைத்து, முதுகில் ஆளுக்கொரு ஜிப்பு தைத்த உடுப்பில் அவர்கள் முப்பது வருஷமாக யாரும் இறங்காத பழைய சாய்வுக் குழிக்குள் இருபதடி போய் நின்றார்கள், டைரக்டர் குரல் கொடுத்ததும் உறுமிக்கொண்டு வெளியே வந்தார்கள், உடுப்புக்காரர் வரிசையாக ஜிப்பை இறக்கிக்கொண்டே வந்தபோது எட்டாவது முதுகில் ஜிப்பு இல்லை.

அது அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோலச் சூடாக இருந்தது, அதன் மேலெல்லாம் ஈரமும் கல்தூளும் கலந்து தோலாகவே இறுகியிருந்தது, கிட்டே போனால் எட்டாயிரம் அடி ஆழத்துப் பாறையின் வாடை அடித்தது. லைட்காரர்களில் இரண்டு பேர் ஓடினார்கள், நாங்கள் ஓடவில்லை. குழியிலிருந்து ஏறி வருகிறவனுக்கு முதலில் உப்புப் போட்ட தண்ணீர், அப்புறம்தான் பேர் விசாரிப்பது என்பது எங்கள் வழக்கம், யாராக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஆகவே ராட்சதர்களில் ஒருவனாக நடித்த ஏகாம்பரம் நகம் வைத்த கையாலேயே ஒரு சொம்பு மொண்டு நீட்டினான். அது இரண்டு சொம்பு குடித்தது, மூன்றாவதைத் தலையில் ஊற்றிக்கொண்டது.

"தலைல ஊத்திக்கிது பாரு, நம்ம ஆளுதான்" என்றார் யாரோ, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பூமிக்கடியிலிருந்து வரும் ஜந்துக்கள் எங்களுக்குப் புதிதில்லை. கிளப் ஹாலில் சனிக்கிழமைதோறும் இரண்டரை மணிக்கு, வெள்ளைக்காரன் விட்டுப்போன புரொஜெக்டரில் ஓடுவதெல்லாம் அந்த ரகப் படங்கள்தான், எங்கெங்கோ ஓடி ஓய்ந்து, கீறல் விழுந்து, பாதி வசனம் போய், குறைந்த வாடகைக்குக் கிடைக்கிற இங்கிலீஷ் படங்கள். விஞ்ஞானி பூமியில் துளை போடுவார், துளையிலிருந்து ஏதோ ஒன்று வரும், அட்டையில் செய்த குகை ஆடும், கதாநாயகி மயங்குவாள், கடைசியில் வெளிச்சத்தைக் காட்டி அதை விரட்டி வெடிவைத்துத் துளையை மூடுவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் பயப்படுகிற இடத்தில் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அத்தனை ஆழத்திலிருந்து வந்தது எப்படி வேர்க்காமல் நிற்கிறது, விளக்கில்லாமல் எந்த ஏணியைப் பிடித்தது, இன்றைக்கு ஓவர்டைமா என்றெல்லாம் திரையைப் பார்த்துக் கத்துவோம். மண்ணுக்கு அடியில் என்ன குடியிருக்கிறதோ என்று உலகமே நடுங்க, அங்கே குடியிருப்பது நாங்கள்தான் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அந்தச் சிரிப்புக்கு ஆசைப்பட்டுத்தான் அந்தத் தப்பும் நடந்தது. குழிக்குள் இறங்குகிறவன் டைம் ஆபீஸ் பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போகவேண்டும், ஏறி வந்ததும் தன் கையால் தன் கொக்கியில் மாட்டவேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஆள் கீழே, டோக்கன் தொங்கினால் ஆள் மேலே, இதற்கு மேல் அங்கே சட்டம் கிடையாது. சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஷிப்டு விட்டு முந்நூறு பேர் பலகை முன்னால் வரிசை கட்டினால் படம் பாதி போய்விடும் என்பதால், ஒரு கூட்டத்துக்கு ஒருத்தன் மற்றவர்களின் டோக்கனையும் வாங்கிக்கொண்டு முதல் லிப்ட் கூண்டில் ஏறி வந்து, எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, ஹாலுக்கு ஓடித் துண்டு போட்டு இடம் பிடிப்பான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஏகாம்பரம் தன்னுடையதோடு சேர்த்து ஐந்து டோக்கன்களை மாட்டினான், அடுத்த கூண்டில் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள், ஐந்தாமவன் தைரியநாதன், நம்பர் இருநூற்றுப் பதினாலு, மறந்துவிட்ட உளியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று திரும்பிப் போயிருந்தான். திரையில் தரை பிளந்து ஜந்து தலையைத் தூக்கிய அதே நேரத்தில் ஹாலின் தரையும் குலுங்கிச் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது, என்ன படம் பார் என்று நாங்கள் கைதட்டினோம். கீழே அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்து, தைரியநாதன் திரும்பிப் போன மட்டத்தின் பாதை முழுவதும் சரிந்திருந்தது.

பாறை வெடித்தால் சங்கு ஊதுவார்கள், டைம் ஆபீஸ் கிளார்க் பலகையைப் பார்த்துக் காலிக் கொக்கிகளின் நம்பரை உரக்கப் படிப்பார், கேட்டுக்கு வெளியே கூடியிருக்கும் பெண்கள் தங்கள் ஆள் வேறு வழியாக ஏறி வீட்டுக்கு வந்திருந்தால் 'மேல' என்றும் வராவிட்டால் 'கீழ' என்றும் பதில் சொல்லவேண்டும், 'கீழ' என்று ஒருத்தி சொல்லிவிட்டால் உடம்பு கிடைக்கும்வரை, இல்லை கிடைக்காது என்று தெரியும்வரை, கம்பெனி தோண்டியாகவேண்டும். அன்றைக்குப் பலகையில் காலிக் கொக்கியே இல்லை. படிக்க நம்பர் இல்லாத கிளார்க் பூவராகன் சாமியைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார், நாலாம் நாள் அந்த மட்டத்தைச் சிமென்ட் போட்டு அடைத்தார்கள், தைரியநாதனின் பெண்டாட்டி அடைக்கலமேரி நாலு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் ஆளின் நம்பரைக் கூப்பிடுவார்கள் என்று அந்த நாலு நாளும் கேட்டில் நின்றாள்.

ஏகாம்பரம் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் தைரியநாதன் வேறு குழி வழியாக ஏறியிருப்பான் என்று நினைத்தான், இரண்டாம் நாள் பயந்தான், அடுத்தவன் டோக்கனைத் தொட்டால் கொடுத்தவன் வாங்கியவன் எல்லோருக்கும் சீட்டுக் கிழியும், நாலு குடும்பம் தெருவுக்கு வரும் என்று கூட்டாளிகள் மூன்று பேரும் அவன் காலைப் பிடித்தார்கள், நாலாம் நாள் சிமென்ட் போட்ட பிறகு சொல்லி என்ன என்றாகிவிட்டது. எங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். ஆள் எங்கே என்று கேட்டால் ஏதாவது சொல்லவேண்டுமே என்று, தைரியநாதன் ஆந்திரா பக்கத்துப் பெண் ஒருத்தியோடு போய்விட்டான் என்ற பேச்சு கிளம்பியது, யார் முதலில் சொன்னது என்று தெரியாது, ஆனால் எல்லோரும் சொன்னோம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. செத்தவனின் பெண்டாட்டியாக எங்கள் நடுவில் நிமிர்ந்து நடந்திருக்க வேண்டியவள் விட்டுவிட்டுப் போனவனின் பெண்டாட்டியாகத் தலையைக் குனிந்து நடந்தாள், அவள் மகள் பிலோமியிடம் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் உங்கப்பனுக்கு அங்கே எத்தனை குழந்தை என்று கேட்டார்கள்.

சரி, எட்டாவது ஆளுக்கு வருகிறேன். அவன் பேசவில்லை, பேர் சொல்லவில்லை, ஆனால் சுரங்கத்தின் ஆயுசில் உடம்பு கிடைக்காமல் போனவர்கள் எங்களிடையே பதினொரு பேர், ஆகவே பதினொரு வீட்டிலும் அவனுக்கு உரிமை கொண்டாடினார்கள். ஒரு வீட்டில் அவன் குனிந்து நுழைந்த விதம் அண்ணனுடையது, இன்னொரு வீட்டில் அவன் சோற்றைப் பிசைந்த விதம் மாமனாருடையது, மூன்றாவது வீட்டில் எதுவுமே பொருந்தவில்லை, ஆனாலும் அவர்களும் பாய் விரித்தார்கள். சண்டை வராமலிருக்க யூனியன் செக்ரட்டரி முறை வைத்துக் கொடுத்தார், வேளைக்கு ஒரு வீடு, போட்டிக்குக் கறி மீன் எடுக்கக்கூடாது, கேள்வி கேட்டுத் தொந்தரவு பண்ணக்கூடாது. அவனுக்கு உயிருள்ளவனுக்கான ஜெபமா இறந்தவனுக்கான ஜெபமா என்று கோயிலில் ஒரு மணி நேரம் பேசி, இரண்டையும் பாதிப் பாதி சொல்வது என்று முடிவானது. ஓடிப்போனவன் வீடு என்பதால் முறை எழுதிய தாளில் அடைக்கலமேரியின் வீடு மட்டும் இல்லை.

கஜபதிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. மற்ற ஏழு ராட்சதர்களும் ஜிப்பு தெரிந்துவிடும் என்று கேமராவுக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து குகைக்குள் போகவேண்டியிருந்தது, பார்த்தால் மரியாதைக்குப் பின்வாங்குகிறவர்கள் மாதிரி இருந்தது. "இவர் ஒருத்தர்தான் முதுகைக் காட்டலாம், கிளைமாக்ஸ்ல இவர்தான் குகைக்குள்ள போறார், நாம வெடிவச்சு மூடறோம்" என்றார். ஆனால் படத்தில் ஜந்துக்கள் வெளிச்சம் பட்டு ஒடுங்குவதைப் பார்த்து இத்தனை வருஷம் சிரித்தோமே, அது மட்டும் உண்மையாக இருந்தது. வெயில் ஏற ஏற அவன் தோல் வெடித்துச் சுண்ணாம்புக் காரைபோல உதிர்ந்தது, நாலாம் நாள் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு நாள் தாங்கினால் பெரிது என்றார்.

அவன் ஒன்றே ஒன்றைத்தான் தினமும் தவறாமல் செய்தான். இரண்டு மணிக்கு ஷிப்டு சங்கு ஊதியதும் எந்த வீட்டில் இருந்தாலும் எழுந்து டைம் ஆபீசுக்குப் போய், வரிசையின் கடைசியில் நின்று, தன் முறை வந்ததும் பலகைக்கு முன்னால் வெறும் கையை நீட்டிக்கொண்டு நின்றான், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினான். முதல் நாளே பூவராகன் கவனித்துவிட்டார், அவன் நிற்பது எப்போதும் ஒரே கொக்கிக்கு எதிரே என்று. அவர் சொல்லவில்லை, வரிசையில் நின்ற எங்கள் கண்ணிலும் பட்டது, நாங்களும் சொல்லவில்லை. நாலாம் நாள் அடைக்கலமேரி தானாகவே வந்தாள், பஞ்சாலையிலிருந்து பாதி வேலையில் வந்தவள், தலையில் பஞ்சு. அவன் நீட்டிய கைக்கு நேரே என்ன நம்பர் தொங்குகிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியும்.

"இத யாரு மாட்டினது?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

முந்நூறு பேரும் அவரவர் டோக்கனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஷூட்டிங்கிலிருந்து அப்படியே வந்திருந்த ஏகாம்பரம் ராட்சதத் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசைக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தான்.

"நான்தான், தங்கச்சி" என்றான். "படத்துக்கு எடம் புடிக்க அஞ்சையும் நான் மாட்டிட்டேன். அவன் ஏறவே இல்ல. உளிய எடுத்தாறேன்னு போனான், அத்தோட சரி."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"அன்னிலேருந்தே."

"நாலு நாளு கேட்டாண்ட நின்னேனே. நீ வந்து டீ வாங்கிக் குடுத்தியே."

"ஆமா" என்றான் ஏகாம்பரம். கண்ணைத் துடைக்கப் போனான், கொம்பு நகம் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

அவள் அவனை அடிக்கவில்லை, எங்களையும் ஏசவில்லை, ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூவராகனிடம் திரும்பி, இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எடுத்து அவன் கையில குடுத்தா அவன் கீழ இருக்கான்னு அர்த்தம்மா. அவனே மறுபடி மாட்டினா மேல வந்துட்டான்னு அர்த்தம். எனக்கு எழுதத் தெரிஞ்சது இந்த ரெண்டுதான்."

"மேல வந்துட்டான்னு எழுதினா, மூணு வருசம் எங்க இருந்தான்னு எழுதுவீங்க?"

"அதுக்கு ரிஜிஸ்தர்ல கட்டம் இல்ல."

"வந்தவன் நாளன்னிக்குச் செத்துப் போனா?"

"வெளியில செத்தவன் சொரங்கத்துக் கணக்குல வரமாட்டான்" என்றார் பூவராகன்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று அவள் எட்டாவது ஆளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனாள், அந்த வேளைக்கு முறை எழுதியிருந்த வீட்டார் வடித்த சோற்றோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிலோமியைப் பள்ளிக்கூடத்திலிருந்தே சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள், உதிர்ந்துகொண்டிருக்கிற இதைக் காட்டி உன் அப்பா என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவன் ஜன்னலை மூடிய அறையில் உட்கார்ந்தான், அவள் கஞ்சி காய்ச்சி ஊட்டினாள், பாதி உள்ளே போயிற்று. மூன்று வருஷத்துக் கதையையும் அவனிடம் சொன்னாள், பிலோமிக்கு அம்மை போட்டது, கூரைத் தகரம் பறந்தது, கோயிலில் அவள் பக்கத்தில் யாரும் மண்டியிடாதது, ராத்திரிகளில் அவனை அவள் வாயாரத் திட்டியது, இல்லாத அந்த ஆந்திராக்காரிக்கு ஒரு முகம்கூட நினைத்து வைத்திருந்தது எல்லாம். அவன் கேட்டானோ என்னவோ. தலையை அவள் பக்கம் சாய்த்து வைத்திருந்தான் என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னாள்.

மறுநாள் பத்து மணிக்கு அவளே பலகையிலிருந்து இருநூற்றுப் பதினாலை எடுத்து அவன் கையில் வைத்தாள். வைத்ததும் அவன் திரும்பினான், மூன்று வருஷமாக அதற்காகவே காத்திருந்தவன் ஆயிற்றே, வெடித்த விரல்களால் டோக்கனின் துளையைத் தடவிக் கண்டுபிடித்துக் கொக்கிக்கு நேராகக் கையைத் தூக்கினான். இன்னும் இரண்டு அங்குலம் போயிருந்தால் மாட்டியிருப்பான். அவள் இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாய்யா" என்றாள். "மாட்டாதே. மாட்டினா நீ ஓடிப்போனவன்தான், நான் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். உன் பொண்ணு அதக் கேட்டுக்கினேதான் வளரணும். எனக்கு நீ இங்க இருக்கணும்னு கீது, நேத்து பூரா அதான் யோசன பண்ணேன், ரெண்டு நாளுன்னாலும் இருக்கட்டும்னு. ஆனா நீ கீழதான் கீறே. கீழதான் செத்தே. போய்யா, போய் அங்கயே இரு."

அவன் கை கொக்கிக்கு எதிரே வெகுநேரம் நின்றது. அவள் பிடியை விடவில்லை. பிறகு அந்தக் கை இறங்கியது, விரல்கள் டோக்கனை மூடிக்கொண்டன, அவளே அவனைச் சாய்வுக் குழி வாய் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே கேமரா வைத்து எல்லாம் தயாராக இருந்தது. வைக்கோல் திணித்த ஏழு உடுப்புகளை வாயின் இரண்டு பக்கமும் சாத்தியிருந்தார்கள், குழியின் நெற்றியில் வெடி வைத்தது ஏகாம்பரம், எங்களில் அதற்கு லைசென்ஸ் உள்ளவன் அவன்தான். எட்டாவது ஆள் உள்ளே நடந்தான், பத்தடியில் நின்றான், ஒரு முறை திரும்பிப் பார்த்தான், மறுபடி நடந்தான். கஜபதி போதும் என்று கையைக் காட்டி, அவரை வெளியே கூப்பிடுங்கள், வெடிக்கணும் என்றார். வரமாட்டான் என்றாள் அடைக்கலமேரி.

"உள்ள ஆள் இருக்கறப்ப எப்படிம்மா வெடிக்கறது?"

"உள்ள ஆள் கீதுன்னு மூணு வருசமா ஒருத்தரும் சொல்லலியே சார்" என்றாள். ஏகாம்பரத்திடம் திரும்பி, "அவன் கீழ போய்ச் சேந்ததும் மூடிடுண்ணா. இல்லாங்காட்டி திரும்பவும் ஏறி வந்து கை நீட்டிக்கினு நிப்பான். என்னால இன்னொரு வாட்டி சொல்ல முடியாது" என்றாள்.

ஏகாம்பரம் பாறையில் காதை வைத்துப் படுத்தான். காலடிச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது, ஒரு மணி நேரம் போயிற்று, யூனிட்டுக்காரர்கள் டிபன் சாப்பிட்டார்கள், அவன் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டரைக்குத் தலையைத் தூக்கி, "எறங்கிட்டான்" என்றான். வெடிக் கம்பியை அவன்தான் இழுக்கவேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்பது சட்டம், இழுத்தான். புகை அடங்கியபோது அங்கே குழி இருந்த அடையாளம் இல்லை, கஜபதி மட்டும் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றார்.

இரண்டு மணிக்கு ஷிப்டு விட்டது. முந்நூறு பேரும் வரிசையில் நின்று அவரவர் டோக்கனை அவரவர் கையால் மாட்டினோம், ஒரு கொக்கி காலியாக நின்றது. மேனேஜர் வெளியே ஓடி வந்து இது நாடகம், ஊதக்கூடாது என்றார். காலிக் கொக்கி இருந்தால் ஊதுவதுதான் என் வேலை, ஊதாமல் இருக்க எனக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டு பூவராகன் சங்கை இழுத்தார். அந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் வீட்டுக்குள் இருக்கமாட்டார்கள், எல்லா லைனிலிருந்தும் ஜனம் கேட்டுக்கு ஓடி வந்தது, அடைக்கலமேரி அங்கே முன்பு நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் நம்பரைப் படித்தார். ஒரு கணம் நாங்கள் எல்லோருமே அவள் 'மேல' என்று சொல்லிவிடுவாளோ என்று பார்த்தோம்.

"கீழ" என்றாள் அடைக்கலமேரி. அதற்குப் பிறகுதான் அழுதாள், மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள், பெண்கள் எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள், இத்தனை நாள் கோயிலில் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்த பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஏகாம்பரத்துக்கும் மற்ற மூன்று பேருக்கும் அந்த வாரமே வேலை போயிற்று. சிமென்டை உடைத்து இரண்டு மாதம் தோண்டினார்கள், உளி கிடைத்தது.

படம் வந்தது. மெட்ராஸில் நாலு நாள் ஓடியதாம், ராட்சதர்கள் பின்பக்கமாக நடப்பதைப் பார்த்துச் சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். எங்கள் கிளப் ஹாலுக்கு வந்தபோது உட்கார இடமில்லை, சிரிக்கவும் ஆளில்லை. எட்டாவது ஆள் குகைக்குள் நடந்து போய், நின்று, திரும்பி, கேமராவுக்கு ஓரமாக எங்கேயோ பார்க்கிற இடம் வந்தது. அன்றைக்கு அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் அடைக்கலமேரி நிற்கவில்லை, நாங்கள் யாரும் நிற்கவில்லை, தூரத்தில் டைம் ஆபீஸ் பலகை மட்டும்தான் இருந்தது. தன் கொக்கி காலியாக இருக்கிறதா என்று ஒரு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் அவன் போனான்.

முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பிலோமி அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அப்பா யாரப் பாக்கறாரு?"

"ஒன்னத்தான்" என்றாள் அடைக்கலமேரி.